சுழிக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

எங்கள் பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சிலுவையை இறக்குவதா, விடுவதா என்று தெரிந்துகொள்ள நான் காரைக்குடிக்கு வர வேண்டியிருந்தது. பினாங்கில் இருக்கும் சிலுவைக்குக் காரைக்குடியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் கணவரும் அதையேதான் கேட்டார்.

விஷயம் இதுதான். மலேசியாவில் எங்களுடையது சின்னக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். மிஷனரிமார் தொடங்கிய பள்ளிக்கூடம் வளர்ந்து கல்லூரியாகி, பிறகு பல்கலைக்கழகம் ஆனது. இப்போது பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீடுகளில் பிள்ளைகளே குறைவு. இருக்கிற பிள்ளைக்குக் கைபேசியிலேயே பட்டம் தருகிறேன் என்று வரிசைகட்டி நிற்கிறார்கள். ஆலோசகர் ஒருவரை அழைத்தோம். அவர் வளாகத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்து இயேசுவின் சீடர் பெயரை எடுங்கள், கோபுரத்திலிருந்து சிலுவையை எடுங்கள், எல்லாரும் வருவார்கள் என்றார். நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

அந்த நேரத்தில்தான் காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் சகோதரக் கல்லூரியும் இதே வேலையைச் செய்யப் போகிறது என்று தெரிந்தது. மகளிர் கல்லூரி, பல்கலைக்கழகமாக உயர விண்ணப்பிக்கும் கையோடு பெயரையும் மாற்றிக்கொள்கிறார்கள். பலகைத் திறப்பு விழாவுக்கு நாளே குறித்துவிட்டார்கள். "ரெபேக்கா, நீங்கள் தமிழர். போய்ப் பாருங்கள். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள், எதிர்ப்பு வருகிறதா என்று பார்த்து வந்து சொல்லுங்கள். அதை வைத்து முடிவெடுப்போம்" என்றார் எங்கள் தலைவர் டாக்டர் டான். நான் குழுவின் செயலாளர். இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவள் என்பதால் என்னை அனுப்புவதில் இரண்டு பக்கத்துக்கும் சம்மதம்.

முதல் நாள் காலையில் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கல்லூரி முதல்வர் டாக்டர் கிரேஸ் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "பசியாறுனீகளா?" என்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை உணவைப் பசியாறுதல் என்று சொல்வது மலேசியத் தமிழர்கள் கண்டுபிடித்தது என்று ஐம்பத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். இந்தச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த சொல் என்று கிரேஸ் சொன்னபோது, எங்கள் வீட்டுத் தங்க நகையை வேறொருவர் கழுத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வந்தன. பணியாரம் நாக்கில் கரைந்தது, சட்னி காது வழியாக வெளியே போனது. ஆற்றுவதற்கு ஒரு கிண்ணம் கவுனி அரிசி வைத்தார்கள். கருஞ்சிவப்பு அரிசி, சர்க்கரை, தேங்காய்ப்பூ. இது எங்கள் ஊர்ச் சந்தையில் மலாய்க்காரர்கள் புளுட் ஹித்தாம் என்று விற்கும் கறுப்பரிசி ஆயிற்றே என்றேன். கிரேஸ் சிரித்தார். "அங்குட்டுப் போன செட்டியார்மாருதான் இதை இங்குட்டுக் கொண்டாந்தாக. நீங்க எங்க சொல்லக் கொண்டு போனீக, நாங்க உங்க அரிசியக் கொண்டாந்தோம். கணக்குச் சரியாப் போச்சு" என்றார்.

கிரேஸ் சிவகங்கைக்காரர். இதே கல்லூரியில் படித்து, இதே கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து, முதல்வராக வந்தவர். நடையில் ஒரு வேகம் இருக்கும்; பின்னால் போனால் ஓடத்தான் வேண்டும். அவர் பின்னால் ஓடி ஓடி நான் பார்த்ததை எல்லாம் எழுதினால் தற்பெருமை என்பீர்கள். பரவாயில்லை, எழுதுகிறேன். நெற்றியில் திருநீறு பூசிய பெண்ணும், முக்காடு போட்ட பெண்ணும், கழுத்தில் சிலுவை போட்ட பெண்ணும் ஒரே நுண்ணோக்கிக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். நூலகத்துச் சுவர் முழுக்கப் பழைய மாணவிகளின் படங்கள்: நீதிபதி, காவல்துறை அதிகாரி, வங்கி மேலாளர், லாரி நிறுவனம் நடத்தும் அம்மாள். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில் கதவைத் திறந்து வைத்த இடம். என் முன்னோரையும் இப்படி ஒரு கதவுதான் ரப்பர் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. நாங்கள் செய்த வேலை இது என்று உரக்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

கணினி அறையில் பாண்டியம்மாள் என்ற பெண்ணைப் பார்த்தேன். சிங்கம்புணரிக்காரி, இரண்டாம் ஆண்டு. அன்றைய தேங்காய் விலையையும் கயிறு விலையையும் பேசியே சொல்லும் செயலி ஒன்றைக் கைபேசிக்காகச் செய்திருந்தாள். குரல் அவளுடையதுதான். "எங்கப்பாவுக்கு வாசிக்கச் சடவு, சோம்பேறித்தனம். அதான் பேச வச்சுட்டேன்" என்றாள். நாளைக்கு அப்பா தன்னைப் பார்க்க வருகிறார் என்றும் சொன்னாள்.

காலை வழிபாடு எத்தனை மணிக்கு என்று கேட்டேன். கிரேஸ் நின்றார். "இப்ப வழிபாடு இல்ல. ரெண்டு நிமிசம் மவுனம்" என்றார்.

போன ஆண்டு வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியதாம். இந்தக் கல்லூரி விடுதியில் பிள்ளைகளை முட்டிபோட வைத்து மதம் மாற்றுகிறார்கள் என்று யாரோ ஓர் ஆண் குரல். அதிகாரிகள் வந்தார்கள், பிள்ளைகளைத் தனித்தனியாக விசாரித்தார்கள், ஒன்றும் இல்லை என்று தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஆனால் கிரேஸுக்குத் தூக்கம் போனது. வளாகத்துக் கோயிலில் வழிபாட்டு மணி நின்றது. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இருந்த வேத வசனத்தின் மேல் வெள்ளை அடித்தார்கள். பிறகுதான் ஆலோசகர் வந்தார். (அவர்களுக்கும் ஒருவர் வந்திருந்தார். உலகம் முழுக்க ஒரே ஆள்தான் சுற்றுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.) அவர் கொடுத்த புதுப் பெயரை இங்கே எழுத வேண்டாம். அதைச் சிமெண்டுக்கும் வைக்கலாம், சோடாவுக்கும் வைக்கலாம்.

"எனக்கு ஆசையில்ல ரெபேக்காக்கா. ஆனா இன்னொரு குரல் பதிவு வந்துச்சுன்னா என் பக்கத்துல நிக்க ஆளில்ல. பேரு பொதுவா இருந்தா பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு" என்றார் கிரேஸ். எங்கள் குழுவில் பேசியவர்களை விட இவர் பயத்தில் நியாயம் அதிகம் இருந்தது.

மாலையில் விழா அழைப்பிதழைக் காட்டினார். பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள். உச்சியில் பிள்ளையார் சுழி.

"இதென்ன?" என்றேன்.

கிரேஸ் கொஞ்சம் கூச்சத்தோடு விளக்கினார். எங்கள் ஆட்கள் எந்த அழைப்பிதழிலும் தலைப்பில் ஒரு சிலுவைக் குறி போடுவார்கள். சைவர் வீட்டில் சுழி போட்டுச் சிவமயம் என்று எழுதுவார்கள். முஸ்லிம் வீட்டில் எழுநூற்று எண்பத்தாறு. பொதுவாக இருக்கட்டும் என்று சிலுவையை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு பார்த்தால் உச்சி மொட்டையாக இருக்கிறது. மொட்டையாகப் பத்திரிகை வைத்தால் இந்த ஊரில் கருமாதி என்று நினைத்துக்கொள்வார்கள். அழைக்கப்போவது முக்கால்வாசி செட்டியார் வீடுகள். சுழி போட்டால் அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று ஒரு பேராசிரியர் சொல்ல, குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று தேநீரைக் குடித்தேன்.

மறுநாள் கானாடுகாத்தானுக்குக் கிளம்பினோம். கல்லூரிக்கு இடம் கொடுத்த செட்டியார் வீடு அங்கே இருக்கிறது. எந்த விழாவானாலும் முதல் பத்திரிகை இடம் கொடுத்த வீட்டுக்குத்தான். அதுவும் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு நேரில் வைத்து, வாயால் சொல்லி அழைக்க வேண்டும். பினாங்கில் நாங்கள் எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிடுவோம் என்றேன். "அப்புறம் யாரும் வரலன்னு வருத்தப்படுவீகளாக்கும்" என்றார் கிரேஸ். அது உண்மைதான்.

கல்லூரிக் கார் கோட்டையூர் விலக்கில் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. ஓட்டுநர் முன்மூடியைத் திறந்தார், ஆவி வந்தது, மூடிவிட்டார். விழா வேலை தலைக்கு மேல் கிடந்ததால் காத்திருக்க நேரமில்லை. பின்னால் வந்த பேருந்தில் தாம்பாளத்தோடு ஏறினோம். எங்கள் ஊர்ப் பேருந்தில் அட்டையைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். இங்கே தாம்பாளத்தைப் பார்த்ததும் பேருந்தே எங்களுக்கு உறவாகிவிட்டது. ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். இன்னொருத்தி பழம் உருளாமல் பிடித்துக்கொண்டாள். யார் வீட்டுக் கல்யாணம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொள்வது மரியாதை இல்லையாம். கிரேஸ் பையிலிருந்து பத்திரிகைகளை எடுத்துக் கொடுத்தார். நடத்துநர் தனக்கும் ஒன்று வாங்கி, புதுப் பெயரைப் பேருந்துக்கே கேட்கும்படி வாசித்தார்.

"இது எங்குட்டு இருக்கு?" என்றார்.

"நம்ம காலேசுதான்" என்றார் கிரேஸ்.

"நம்ம காலேசுக்குத்தான் பேரு இருக்கே" என்றார் நடத்துநர்.

அப்போது முன்சீட்டிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் திரும்பி எழுந்து வந்தார். பாண்டியம்மாளின் அப்பா கருப்பையா. காலையில் மகளைப் பார்த்துவிட்டு, கானாடுகாத்தானில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பத்திரிகையை இரண்டு கையாலும் பிடித்து மேலிருந்து கீழே பார்த்தார். வாசிக்கச் சடவு என்று மகள் சொன்னது சும்மா. சுழியிலிருந்து அச்சகத்தின் பெயர்வரை வாசித்தார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீகளே?"

"கேளுங்க அண்ணே."

"காலேச வித்துட்டீகளா?"

கிரேஸ் திகைத்துப்போனார். "யார் சொன்னா?"

"இதுதான் சொல்லுது. பழைய பேரக் காணோம். சிலுவையக் காணோம். பிள்ளையார் சுழி போட்டுருக்கு. கை மாறிருச்சுன்னுதான அர்த்தம்? புது மொதலாளி யாரு? மக விடுதியில இருக்கு, தெரிஞ்சுக்கணும்ல."

யாரும் வாங்கவில்லை, பெயர் மட்டும்தான் மாறுகிறது, எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான் செய்கிறோம் என்று கிரேஸ் சொன்னார். கருப்பையா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இப்ப மட்டும் யாருக்குப் பொதுவா இல்லாமப் போச்சு? நாங்க குலசாமி கும்புடுற ஆளுக. எங்க சாமிய எங்ககிட்ட இருந்து எவனும் மாத்த முடியாது. சிலுவ வச்ச வேதக்காரவுக காலேசு, பொம்பளப் புள்ளைய ஒழுங்காப் பாத்துக்குருவாகன்னுதான் கொண்டாந்து விட்டேன். அந்த வாட்சப்பு எனக்குந்தான் வந்துச்சு. மககிட்டக் கேட்டேன், பொய்யிப்பான்னுச்சு. அழிச்சுட்டேன். இப்ப நீங்களே பேர அழிச்சா, அப்ப அது மெய்யின்னுல்ல ஆகிப்போகும்?"

அடுத்த நிறுத்தத்தில் நடத்துநர் விசில் ஊதாமல் பலகையில் தட்டித்தான் வண்டியை நிறுத்தினார். கிரேஸ் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் ஆலோசகரின் அறிக்கையை நினைத்துப் பார்த்தேன். பெயர் மாறினால் விற்றுவிட்டார்கள் என்று ஒரு தகப்பன் நினைப்பான் என்று அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

விசாலாட்சி ஆச்சி வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பாதி வீடு சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. பிரான்சிலிருந்து வந்த தம்பதி முற்றத்தில் உட்கார்ந்து தோசையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சிக்கு என் வயதுதான் இருக்கும். வைரத்தோடு, கைத்தறிப் புடவை, காதில் கைபேசி. இடம் கொடுத்தவரின் பேரன் மனைவி. தானும் இதே கல்லூரியில் வணிகவியல் படித்தவர். கிரேஸை அவர் அழைப்பது "கிரேசு" என்று. கிரேஸ் அவரை ஆச்சி என்று அழைப்பார்.

கிரேஸ் தாம்பாளத்தை நீட்டினார். ஆச்சியின் கை பாதி வந்தது. பத்திரிகையின் உச்சியைப் பார்த்ததும் அப்படியே நின்றது. தாம்பாளத்தை வாங்கினால் அழைப்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

"முதல்ல சாப்புடுங்க. அப்பறம் பேசுவோம்" என்றார்.

அந்தச் சாப்பாட்டைக் கவலையோடு சாப்பிட நேர்ந்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்கு நேர்ந்த பெரிய அநியாயம். அரிசி களைந்த தண்ணீரில் வைத்த வெண்டைக்காய் மண்டி, புளிப்பும் காரமும் கைகோத்துக்கொண்டு வந்தது. உப்புக்கண்டம் வறுவல், கத்திரிக்காய்ப் பச்சடி, கடைசியில் பால் பணியாரம். ஆச்சி நின்று பரிமாறினார், பணியாளர்களை விடவில்லை. போதும் என்று நான் இலையை மறைத்தபோது, "மலேசியாவுல இருந்து வந்துட்டு இப்புடியா சாப்புடுவீக" என்று கையை விலக்கி வைத்தார்.

கை கழுவியதும் ஆச்சி தொடங்கினார். "கிரேசு, இது யாரு வீட்டு விசேசம்?"

"நம்ம காலேசு விசேசம், ஆச்சி."

"இதுல அப்படித் தெரியலையே. சுழி போட்டா எங்களுக்குச் சந்தோசமா இருக்கும்னு நெனச்சீகளாக்கும். எங்க வீட்டுப் பத்திரிகையில நாங்க சுழி போடுவோம். ஒங்க வீட்டுப் பத்திரிகையில ஒங்க சிலுவை இருக்கணும். அதைப் பாத்துத்தான் யாரு கூப்புடுறாகன்னு தெரியும். எங்க வீட்டு ஐயா இடம் கொடுத்தப்ப, வேதக்காரவுகன்னு தெரிஞ்சேதான் கொடுத்தாக. இவுக சொல்லிக் கொடுத்தாப் பிள்ளைக உருப்படும்னு கொடுத்தாக. நீங்க யாருன்னு நீங்களே மறைச்சுக்கிட்டா, நாங்க யாருக்குக் கொடுத்தோம்னு இருக்கும்ல?"

கிரேஸ் முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"சொல்றது ஈசி, ஆச்சி. அந்தப் பதிவு சுத்துனப்ப நான் ஒத்தையா அதிகாரிக முன்னால உக்காந்திருந்தேன். யாரும் வரல. நாளைக்கு இன்னொண்ணு வந்தா?"

"சொல்லி அனுப்புனீகளா?"

கிரேஸ் தாம்பாளத்து வெற்றிலையை அடுக்கத் தொடங்கினார்.

"ஒரு போன் போட்டீகளா கிரேசு? பிள்ளையத் தூக்கிட்டுப் போறாகன்னு கத்துனாத்தான ஊரு வரும். நீங்க கதவச் சாத்திக்கிட்டு அழுதீக. ஒங்களுக்கு நாங்க வேத்தாளாப் போயிட்டோம். அதுதான் எனக்கு வருத்தம், பேரு மாத்துனது கூட இல்ல." ஆச்சி உடனே அடுத்த அம்பை எடுத்தார். "இன்னொண்ணும் சொல்லிக்கிறேன். என் தங்கச்சி மக கோயம்புத்தூருக்குப் போயிருச்சு. சிலுவை இருக்குன்னு போகல. அது கேட்ட பாடம் ஒங்ககிட்ட இல்லன்னு போயிருச்சு. பாதி வாத்தியார்மாரு தற்காலிகம். ஆய்வுக்கூடத்துல நான் படிச்சப்ப இருந்த தராசு இன்னும் இருக்கு. பேர மாத்துனா அதெல்லாம் வந்துருமா? எனக்கும் ஒருத்தன் வந்து யோசனை சொன்னான், இந்தத் தரையப் பேத்துட்டுச் சலவைக்கல்லு போடுங்க, எல்லாரும் வருவாகன்னு. போட்டுருந்தா இந்தப் பிரெஞ்சுக்காரவுக எதுக்கு இங்குட்டு வாராக?"

தராசைப் பற்றிச் சொன்னபோது கிரேஸ் சட்டென்று சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் இருவரையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். சிவனைக் கும்பிடும் ஒரு பெண்மணி கிறிஸ்தவக் கல்லூரியிடம், நீ கிறிஸ்தவக் கல்லூரியாக இரு என்று சண்டை போடுகிறார். என் வாழ்நாளில் எங்கள் ஆட்களைப் பற்றி இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அந்தப் பெருமையை எங்களுக்கு வெளியே இருந்து ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

கிரேஸ் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பத்திரிகையின் உச்சியில் சுழியின் மேல் கோடு போடப் போனார். ஆச்சி பதறிக் கையைப் பிடித்தார்.

"அடிக்காதீக. பிள்ளையார அடிச்சாப் பாவம். பக்கத்துல எடமிருக்கு, போடுங்க."

சுழிக்குப் பக்கத்தில் கிரேஸ் ஒரு சின்னச் சிலுவை போட்டார். ஆச்சி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது, விழாவில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "ஒருத்தர் பத்திரிகையில பேனாவால போட்டது பெருசில்ல. பலகை வந்து எறங்கியாச்சு. தாளாளருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் கிரேஸ்.

நான்கு நாள் கழித்து, விழா நாள் காலையில் அவர் அறையில் நான் இருந்தபோதே கல்லூரித் தாளாளருக்குப் போன் போட்டார். பெயரை மாற்ற வேண்டாம், விண்ணப்பம் பழைய பெயரிலேயே போகட்டும் என்றார். மறுமுனையில் நீண்ட பேச்சு. கிரேஸ் நடுவில் ஒரு முறை, ஊர் ஆட்களைக் கேட்டேன் ஐயா என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சரின்னுட்டார். ஆனா வர்ற வருசம் சேர்க்கை கொறஞ்சாலோ, திரும்பப் பிரச்சினை வந்தாலோ நான்தான் பொறுப்பாம். முதல்வர் பதவியில இருக்க மாட்டேன்னு அர்த்தம்" என்றார்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு. ஆனா போன வருசப் பயம் வேற, இது வேற. இதோட நான் தூங்கிருவேன்" என்றார்.

வாசலில் துணி போர்த்திய பலகை நின்றது. வாசலை விடப் பெரிதாக அடித்து வைத்திருந்தார்கள். பந்தல் நிறைந்திருந்தது. ஆச்சி முன்வரிசையில் இருந்தார். கருப்பையா தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. பேருந்து நடத்துநர் கூட வந்திருந்தார், பத்திரிகை வைத்தார்களே என்று.

கிரேஸ் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். நீளமாகப் பேசவில்லை. "இன்னைக்குப் பலகை திறக்கல. பேரு பழைய பேருதான். நாங்க யாருங்கிறத இனிமே மறைக்க மாட்டோம். நீங்க யாருங்கிறத மாத்தவும் மாட்டோம். இத்தனை வருசம் அப்படித்தான் இருந்தோம். போன வருசம் ஒங்களைக் கூப்புடாம நாங்களே பயந்துக்கிட்டோம். அது தப்பு" என்றார். பிறகு தரவு அறிவியல், செவிலியர் படிப்பு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாலை வகுப்பு என்று விண்ணப்பத்தில் கேட்கப்போகும் பாடங்களைச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் தராசு மாறும் என்றபோது முன்வரிசையிலிருந்து பலமான கைத்தட்டல் ஒன்று கேட்டது. கல்லூரிக்கு ஓர் ஊர்க்குழு அமைக்கப் போவதாகச் சொல்லி, ஆச்சியையும் கருப்பையாவையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தார். கருப்பையா தூணை விட்டு வருவதற்குள் பாண்டியம்மாள் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

ஓராண்டாக நின்றிருந்த கோயில்மணி அடித்தது. மாணவிகள் எழுந்து கல்லூரியின் பழைய ஜெபப் பாட்டைப் பாடினார்கள். பாட விரும்பாதவர்கள் பாடவில்லை. அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பாண்டியம்மாள் நெற்றியில் குங்குமத்தோடு முழுப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடினாள். எனக்கும் பாட்டு தெரியும், கூடவே பாடினேன்.

விழா முடிந்ததும் இரண்டு பேர் பலகையைத் துணியோடு சரக்கு ஆட்டோவில் ஏற்றினார்கள். அது ஆட்டோவை விட நீளமாக இருந்ததால் பின்னால் சிவப்புத் துணி கட்ட வேண்டியிருந்தது. கருப்பையா கிளம்பும்போது கிரேஸிடம், "சின்னவ பன்னெண்டு முடிக்கப்போறா. அவளுக்கும் ஒரு எடம் போட்டு வைங்க" என்றார்.

நான் அறைக்கு வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது பினாங்கிலிருந்து டாக்டர் டான் அழைத்தார். அவர் எப்போதும் நேராக விஷயத்துக்கு வருபவர்.

"பெயர் மாற்றம் எப்படி நடந்தது?"

"நடக்கவில்லை."

"ஏன்? எதிர்ப்பா?"

"ஆமாம்."

"நான் நினைத்தேன். சபைக்காரர்கள் விட்டிருக்க மாட்டார்கள்."

"சபைக்காரர்களில் ஒருவர் கூட எதிர்க்கவில்லை" என்றேன். "எதிர்த்தவர்கள் எல்லாரும் இந்துக்கள்."

டாக்டர் டான் மெதுவாகக் கேட்டார்.

"ரெபேக்கா, நம் வளாகத்தைச் சுற்றிச் சீனர்கள் இருக்கிறார்கள், மலாய்க்காரர்கள் இருக்கிறார்கள், உங்கள் தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரையாவது நாம் கேட்டோமா?"

"ஆலோசகரை மட்டும்தான் கேட்டோம்" என்றேன்.